மேக் முகவரிப் பட்டியல் போட்டுவிட்டால் வைஃபை கடவுச்சொல் எளிதாக இருக்கலாமா?

இரண்டாம்தளம் (கேள்வி)

வணக்கம். கோயம்புத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். மாலை நேரத்தில் வீட்டிலேயே கணக்குப் பாடம் நடத்துகிறேன். அதனால் வீட்டாரின் கருவிகளோடு மாணவர்கள் சிலருடைய கைபேசிகளும் அவ்வப்போது எங்கள் வைஃபையில் இணைகின்றன. ஃபைபர் இணைப்பைப் பொருத்த வந்தவர், ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் மேக் ஃபில்டர் (மேக் முகவரி எனும் கருவி அடையாள எண்ணைப் பார்த்து அனுமதிப்பது) என்ற வசதியை இயக்கி, அப்போது வீட்டிலிருந்த ஏழு கருவிகளின் முகவரிகளைப் பட்டியலில் சேர்த்துவிட்டு, "இந்தப் பட்டியலில் இல்லாத எதுவும் உள்ளே வராது, கடவுச்சொல் எதுவாக இருந்தாலும் கவலையில்லை" என்று சொல்லிச் சென்றார். அதை நம்பிக் கணவருடைய கைபேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைத்துக்கொண்டோம். புதிதாக ஒரு மாணவர் சேர்ந்தால் அவருடைய கைபேசியின் முகவரியை நானே பட்டியலில் எழுதிவிடுவேன்.

இப்போது பட்டியலில் இருபதுக்கு மேற்பட்ட முகவரிகள் இருக்கின்றன. அவற்றில் நான்கு எவருடையவை என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றுக்கு நிறுவனப் பெயரே காட்டவில்லை. நான்காவது நான் கேள்விப்பட்டிராத 'எஸ்பிரெசிஃப்' என்ற பெயரைக் காட்டுவதோடு, இரவு இரண்டு மணிக்கும் இணைப்பில் இருக்கிறது. இது போதாதென்று, மகனுடைய ஐபோன் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வைஃபையிலிருந்து வெளியே தள்ளப்படுகிறது. ஒவ்வொரு முறையும் அவன் காட்டும் முகவரி வேறாக இருக்கிறது. கீழ்த்தளத்தில் இருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர், "மேக் முகவரியை மாற்றிக்கொள்ள ஒரு நிமிடம் போதும் அக்கா" என்று சிரித்துக்கொண்டே சொன்னது முதல் எனக்கு உறக்கம் சரியாக இல்லை. முகவரி என்பது கருவியிலேயே பொறிக்கப்பட்டது, மாறாதது என்றுதானே சொல்கிறார்கள்? எங்கள் இணைப்பை யாரேனும் பயன்படுத்துகிறார்களா என்பதை எப்படிக் கண்டறிவது?

---

வலைக்கண்

வணக்கம் அம்மா. கீழ்த்தளத்து மாணவர் சொன்னது உண்மை. ஆனால் தாங்கள் பார்க்கும் அடையாளங்கள் எவையும் அவர் நுழைந்துவிட்டதைக் காட்டவில்லை. இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

மேக் முகவரி என்பது 48 பிட்டுகள் கொண்ட எண். பதினாறடிமான முறையில் 12 இலக்கங்களாக எழுதப்படுவதால்தான் அதில் 0 முதல் 9 வரையுள்ள எண்களோடு ஏ முதல் எஃப் வரையுள்ள எழுத்துகளும் வருகின்றன. வழக்கமான ஒதுக்கீட்டில் முதல் ஆறு இலக்கங்கள் தயாரிப்பாளருக்கு உரியவை; அவற்றை ஐஇஇஇ என்ற பன்னாட்டுப் பொறியாளர் அமைப்பின் பதிவகம் வழங்குகிறது. மீதி ஆறு இலக்கங்களைத் தயாரிப்பாளரே தம் கருவிகளுக்குப் பகிர்ந்துகொள்வார். அப்படி ஒரு முன்னெண்ணுக்கு 1,67,77,216 முகவரிகள் கிடைக்கும். ஒரே வலையமைப்பில் இரண்டு கருவிகளுக்கு ஒரே பெயர் வந்துவிடக் கூடாது என்பதுதான் 1980களின் தொடக்கத்தில் ஈத்தர்நெட் என்ற கம்பிவழி வலையமைப்பு முறையை வகுத்தவர்களின் கவலையாக இருந்தது. யார் உள்ளே வரலாம் என்ற கேள்விக்காக அந்த எண் உருவாக்கப்படவே இல்லை. அது பெயர், சாவி அன்று.

பொறிக்கப்பட்டது என்பதும் பாதி உண்மைதான். தொழிற்சாலையில் சில்லுக்குள் எழுதப்படும் எண் அங்கேயே இருக்கும். ஆனால் வானலையில் எந்த எண்ணைச் சொல்லி அனுப்புவது என்பதை இயக்க மென்பொருள் தீர்மானிக்கிறது. லினக்ஸ் கணினியில் ஒரே ஒரு கட்டளையில் அதை மாற்றலாம்.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. வைஃபையில் செல்லும் ஒவ்வொரு தரவுச் சட்டகத்திலும் (தரவுப் பொட்டலத்திலும்) உள்ளடக்கம் மட்டுமே குறியாக்கம் செய்யப்படுகிறது. அனுப்புபவர், பெறுபவர் முகவரிகள் அடங்கிய தலைப்பகுதி வெளிப்படையாகவே செல்கிறது. வைஃபையின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 ஆனாலும் அதற்குப் பின் வந்த டபிள்யூபிஏ3 ஆனாலும் இதில் வேறுபாடு இல்லை. சட்டகம் தனக்கு வந்ததா என்பதைப் பெறும் கருவி பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே அறிந்தாக வேண்டும் என்பதே காரணம். ஆகவே, கடவுச்சொல் தெரியாத ஒருவர்கூடத் தம் மடிக்கணினியைக் கேட்பு நிலைக்கு மாற்றிவிட்டுச் சுவருக்கு அப்பால் அமர்ந்தால், உங்கள் வீட்டில் அப்போது பேசிக்கொண்டிருக்கும் கருவிகளின் முகவரிகள் சில நிமிடங்களில் அவருக்குக் கிடைத்துவிடும். கல்யாண மண்டபத்து வாசலில் பெயரைக் கேட்டு, அழைப்பாளர் பட்டியலில் இருந்தால் மட்டும் உள்ளே விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரும் வாயைத் திறக்கும்போதெல்லாம் தம் பெயரைத் தெருவுக்கே கேட்கும்படி உரக்கச் சொன்னால் அந்தக் காவலுக்கு என்ன மதிப்பு இருக்கும்? உங்கள் கணவரின் கைபேசி அலுவலகத்துக்குச் சென்ற பிறகு அதன் முகவரியை இன்னொருவர் அணிந்துகொண்டு வந்தால், ரவுட்டரின் பட்டியலில் 'அப்பாவின் கைபேசி' என்றுதான் தோன்றும். கைபேசி வீட்டிலேயே இருக்கும்போது இருவரும் ஒரே பெயரில் பேசினால் இணைப்பு தடுமாறும். ஆனால் காத்திருக்கத் தெரிந்தவருக்கு அது தடையில்லை.

இனி, நிறுவனப் பெயர் இல்லாத அந்த மூன்று. அவற்றின் இரண்டாவது இலக்கத்தை மட்டும் பாருங்கள். அது 2, 6, ஏ, ஈ ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால், முதல் பைட்டில் (முதல் இரண்டு இலக்கங்களில்) 'இந்த எண் பதிவகம் கொடுத்ததன்று, உள்ளூரில் வைத்துக்கொண்டது' என்று அறிவிக்கும் பிட் ஏற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். அவை பெரும்பாலும் கைபேசிகள் தாமாகவே புனைந்துகொண்ட முகவரிகளாகத்தான் இருக்கும். ஆண்ட்ராய்டு 10 வெளிவந்த 2019 முதல், ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைமுகவரி என்பது ஆண்ட்ராய்டின் இயல்பு அமைப்பு. ஐபோனில் அது 2020இல் ஐஓஎஸ் 14 உடன் வந்தது. ஐஓஎஸ் 18 முதல் 'நிலையானது', 'சுழல்வது' என்ற தேர்வுகள் இருக்கின்றன. சுழல்வதைத் தேர்ந்தால் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முகவரி மாறும். உங்கள் மகனின் கைபேசியில் அமைப்புகள், வைஃபை, உங்கள் வலையமைப்பின் பெயர் என்று சென்று தனிப்பட்ட வைஃபை முகவரி என்ற இடத்தைப் பாருங்கள்.

இந்த வசதி வேடிக்கைக்காக வந்ததன்று. 2013இல் லண்டனின் நிதிப் பகுதியில் வைக்கப்பட்டிருந்த விளம்பரத் திரை கொண்ட மறுசுழற்சிக் குப்பைத் தொட்டிகள் சில, கடந்து செல்பவர்களின் கைபேசி மேக் முகவரிகளைப் பதிவு செய்துகொண்டிருந்தது அம்பலமாகி, மாநகர நிர்வாகம் அதை நிறுத்தச் சொன்னது. மாறாத பெயரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தால் குப்பைத் தொட்டியும் நம்மை அடையாளம் கண்டுகொள்ளும்.

எஸ்பிரெசிஃப் என்பது ஷாங்காயில் உள்ள சில்லு நிறுவனம். வைஃபை மின்விளக்கு, சுவர்ச் செருகி போன்ற மலிவான திறன் கருவிகள் பலவற்றில் அவர்களுடைய சில்லுதான் இருக்கிறது. பெட்டியில் வேறு பெயர் அச்சிட்டிருந்தாலும் ரவுட்டர் சில்லின் முன்னெண்ணைத்தான் காட்டும். வீட்டில் அப்படி ஏதேனும் உண்டா?

---

வேப்பமரத்தடி

மதிப்புக்குரிய நண்பர் சொன்ன தொழில்நுட்பத்தில் எனக்கு மறுப்பில்லை, முடிவில்தான் வேறுபாடு. நானும் பன்னிரண்டு ஆண்டுகளாக மேக் பட்டியல் வைத்திருக்கிறேன். என் அனுபவத்தில் கடவுச்சொல் கசிவது வானலையில் அன்று, வாய்வழியாகத்தான். விருந்துக்கு வந்தவருக்குக் கொடுக்கிறோம். அவர் கைபேசியில் பகிர்வுப் படக்குறியைக் காட்ட, இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார். ஒரு மாதத்தில் தெருவில் பாதிப்பேரிடம் அது இருக்கிறது. அவர்களில் லினக்ஸ் கட்டளை தெரிந்தவர் எத்தனை பேர்? பூட்டை உடைக்கத் தெரிந்த திருடன் உண்டு என்பதற்காக வாசலுக்குத் தாழ்ப்பாளே போடாமல் இருப்போமா? மாணவர்கள் வந்துபோகும் வீட்டில் இந்தப் பட்டியல் உறுதியாகப் பயன்படும் என்றே கருதுகிறேன். கடவுச்சொல்லைக் கைபேசி எண்ணாக வைத்ததுதான் தவறு.

---

வலைக்கண்

ஐயா, கடவுச்சொல் வாய்வழியாகத்தான் கசிகிறது என்று நீங்கள் சொன்னது மிகச் சரி. ஆனால் அந்த நிலையில்தான் பட்டியல் நம்மை அதிகமாக ஏமாற்றுகிறது என்பதை விளக்க விரும்புகிறேன்.

டபிள்யூபிஏ2 இயங்கும் விதம் இது: கடவுச்சொல்லையும் வலையமைப்பின் பெயரையும் சேர்த்து 4,096 சுற்றுகள் கலக்கி ஒரு மூலச் சாவி உருவாக்கப்படுகிறது. பிறகு கைபேசி இணையும்போது, இரு பக்கமும் தற்செயலாகத் தேர்ந்த இரண்டு எண்களையும் இருவருடைய மேக் முகவரிகளையும் அந்த மூலச் சாவியோடு சேர்த்து, அந்த இணைப்புக்கு மட்டுமான சாவியைக் கணக்கிடுகின்றன. (ஆக, மேக் முகவரிக்குப் பாதுகாப்பில் ஒரு சிறு பங்கு உண்டுதான், ஆனால் இரகசியம் என்ற நிலையில் அன்று, கலவையில் ஒரு பொருள் என்ற நிலையில்.) கடவுச்சொல்லைத் தவிர இதில் எல்லாமே வானலையில் வெளிப்படையாகச் செல்கின்றன. எனவே கடவுச்சொல்லை அறிந்த ஒருவர் உங்கள் பட்டியலில் இடம்பெறாவிட்டாலும், இணையவே முயலாவிட்டாலும், உங்கள் மடிக்கணினி இணையும் கணத்தைப் பதிவு செய்துகொண்டால் அதன் வைஃபைக் குறியாக்கத்தை அவரால் பிரித்துவிட முடியும். வங்கித் தளம் போன்றவை தமக்கென்று தனிக் குறியாக்கம் வைத்திருப்பதால் அவற்றின் உள்ளடக்கம் தப்பும். எந்தெந்தத் தளத்துக்குச் செல்கிறீர்கள் என்பது போன்றவை தப்புமென்று சொல்ல இயலாது. அவர் ரவுட்டரோடு ஒரு சொல்லும் பேசாததால், எந்தப் பட்டியலிலும் அவருடைய சுவடு இராது. வாசலில் தாழ்ப்பாள் இருக்கிறது என்ற நிம்மதியில் கசிந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டுவிடுகிறோமே, அதுதான் என் வருத்தம்.

கைபேசி எண்ணைப் பற்றிய கணக்கையும் சொல்லிவிடுகிறேன், கேட்டவர் கணக்கு ஆசிரியர் என்பதால். இந்தியக் கைபேசி எண் பத்து இலக்கம்; முதல் இலக்கம் 6 முதல் 9 வரை. ஆக மொத்தம் 400 கோடி வாய்ப்புகள். இணையும் கணத்தைப் பதிவு செய்துகொண்டவர் தம் வீட்டில் அமர்ந்து கணினியின் வரைகலை அட்டையைக் கொண்டு சோதிக்கலாம். வினாடிக்கு 10 லட்சம் எண்கள் என்று வைத்துக்கொண்டால் 4,000 வினாடிகளில், அதாவது ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டுவதற்குள், எல்லா எண்களும் தீர்ந்துவிடும். கணவரின் எண்ணை ஏற்கெனவே அறிந்த அண்டை வீட்டாருக்கு அந்த ஒரு மணி நேரமும் தேவையில்லை. டபிள்யூபிஏ2 கடவுச்சொல்லுக்கு 8 முதல் 63 எழுத்துகள் வரை இடமுண்டு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து எழுதுங்கள். குறளின் அடியை வைத்துவிடாதீர்கள். 1,330 குறள்களுக்கு 2,660 அடிகள்தான் இருக்கின்றன, சோதிப்பவருக்கு ஒரு நொடிக்கும் குறைவான வேலை.

விருந்தினர் சிக்கலுக்கு ரவுட்டரிலேயே சரியான விடை இருக்கிறது: விருந்தினர் வலையமைப்பு. அதற்குத் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். அதில் இணைபவர் இணையத்தை மட்டும் அடைவார், உங்கள் அச்சுப்பொறியையோ கணினியையோ காண மாட்டார். மாணவர்களுக்கு அதைக் கொடுத்துவிட்டுப் பருவத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றினால், இருபது முகவரிகளைக் கையால் எழுதும் வேலை இல்லை. அவர்களுடைய கைபேசிகளின் தனியுரிமை வசதியை அணைக்கச் சொல்லவும் வேண்டியதில்லை.

---

தறிநாடா

மேக் முகவரியை நம்பலாமா என்பதற்கு எங்கள் ஊரிலிருந்தே ஒரு சான்று தருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் ரவுட்டர் இடியில் பழுதாகிப் புதியது வாங்கினேன். கம்பியைச் செருகினால் விளக்கு எரிகிறது, இணையம் வரவில்லை. உள்ளூர்ச் சேவையாளர் முதலில் பொருத்திய ரவுட்டரின் மேக் முகவரியைத் தம் கணக்கில் கட்டிவைத்திருந்தார். அதை மாற்றச் சொல்லி மூன்று நாள் தொலைபேசியில் கெஞ்சினேன். நான்காம் நாள், புதிய ரவுட்டரின் அமைப்புப் பக்கத்திலேயே 'மேக் குளோன்' என்ற கட்டம் இருப்பதைக் கண்டு, பழைய ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து எழுதினேன். ஒரு நிமிடத்தில் இணையம் வந்தது. சந்தா கட்டுபவனான நானே கெஞ்சி உள்ளே போக முடியாத வாசலில், எண்ணை மாற்றிக்கொண்டு போய்விட்டேன். அந்த வசதியைத் தயாரிப்பாளரே கட்டமாக வைத்துக் கொடுக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று. வைஃபை அமைப்பில் டபிள்யூபிஎஸ் (கடவுச்சொல்லைத் தட்டாமலேயே கருவியை இணைக்கும் வசதி) என்ற பகுதி இருந்தால் அதன் எட்டு இலக்க எண் முறையை அணைத்துவிடுங்கள். எட்டாவது இலக்கம் சரிபார்ப்புக்கானது. மீதி ஏழையும் ரவுட்டர் நான்காகவும் மூன்றாகவும் பிரித்துத் தனித்தனியாகச் சரிபார்ப்பதால், 11,000 முயற்சிக்குள் விடை கிடைத்துவிடும் என்று 2011இலேயே வெளியாகிவிட்டது. என் பழைய ரவுட்டரில் அது இயங்கிக்கொண்டிருந்தது எனக்குப் பல ஆண்டுகள் தெரியாது.

---

வேப்பமரத்தடி

இணையாமலேயே பிரித்துப் படிக்கலாம் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. அந்த ஒரு செய்திக்காகவே கடவுச்சொல்லை இன்று மாற்றிவிட்டேன். ஆயினும் ஒரு கேள்வி: பேரன் இரவு ஒன்பது மணிக்கு மேல் இணையம் பார்க்காதபடி நேரக் கட்டுப்பாடு வைத்திருக்கிறேன்; அதுவும் மேக் முகவரியைக் கொண்டுதான் இயங்குகிறது. அதையும் விட்டுவிட வேண்டுமா?

---

வலைக்கண்

வேண்டியதில்லை ஐயா. வீட்டு நிர்வாகத்துக்கு மேக் முகவரி நல்ல கருவி. அச்சுப்பொறிக்கு எப்போதும் ஒரே ஐபி எண் கிடைக்கும்படி ஒதுக்குவது, நேரக் கட்டுப்பாடு, எந்தக் கருவி அதிகத் தரவு இழுக்கிறது என்று பார்ப்பது ஆகியவற்றுக்கு அதையே பயன்படுத்துங்கள். பேரனின் கைபேசியில் உங்கள் வலையமைப்புக்கு மட்டும் 'நிலையானது' என்று வைத்தால் போதும். அசல் முகவரியை வெளிப்படுத்த வேண்டிய தேவையில்லை. அவன் ஒரு நாள் அதைச் சுழலவிட்டுக் கட்டுப்பாட்டைத் தாண்டிவிட்டால், ரவுட்டரைத் தேடாமல் அவனோடு பேசுவதுதான் விரைவான வழி.

---

இரண்டாம்தளம்

அனைவருக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இதற்கே செலவிட்டேன். மூன்று முகவரிகளின் இரண்டாவது இலக்கம் முறையே 6, ஏ, 6. மகனின் ஐபோனில் சுழல்வது என்ற தேர்வு இருந்தது. நண்பன் சொல்லி அவனே மாற்றியிருக்கிறான். அவனுடைய பழைய முகவரிகளைத்தான் நான் புதிய மாணவர்கள் என்று நினைத்து மாற்றி மாற்றிச் சேர்த்திருக்கிறேன். எஸ்பிரெசிஃப், பால்கனியில் தீபாவளிக்கு வாங்கி மாட்டிய நிறம் மாறும் விளக்கு. சுவிட்சை அணைத்தவுடன் பட்டியலிலிருந்து மறைந்தது. இரவு இரண்டு மணி மர்மமும் அதோடு தீர்ந்தது.

ஐந்து சொற்களில் புதிய கடவுச்சொல் வைத்து, விருந்தினர் வலையமைப்பைத் திறந்து, டபிள்யூபிஎஸ்ஸை அணைத்து, பட்டியலையும் நிறுத்திவிட்டேன். டபிள்யூபிஏ3 என்ற தேர்வைப் போட்டபோது விளக்கும் பழைய அச்சுப்பொறியும் இணைய மறுத்துவிட்டன. அதை என்ன செய்வது?

---

வலைக்கண்

டபிள்யூபிஏ3 வந்தது 2018இல். உங்கள் அச்சுப்பொறி அதற்கு மூத்ததாக இருக்கும். அமைப்பில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் ஏற்கும் கலப்பு நிலை இருக்கும். முதன்மை வலையமைப்பை அதில் வையுங்கள். புதிய கைபேசிகளும் மடிக்கணினிகளும் தாமாகவே டபிள்யூபிஏ3 வழியாக இணையும். அந்த முறையில், கடவுச்சொல்லை அறிந்தவரும் பதிவு செய்துவைத்துப் பிரிக்க முடியாது, ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரோடு நேரில் பேசியாக வேண்டும். அச்சுப்பொறி பழைய முறையிலேயே இணைந்துகொள்ளும். விளக்கை விருந்தினர் வலையமைப்புக்கு மாற்றிவிடுங்கள்; அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இயங்கக்கூடியதாக இருக்கலாம், எனவே விருந்தினர் வலையமைப்பிலும் அந்த அலைவரிசை திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெயரையும் கடவுச்சொல்லையும் விளக்கின் செயலியில் மீண்டும் கொடுக்க வேண்டியிருக்கும்.